குறுவாள் குறியிட்டாவது வைத்திருங்கள்

ஆங்கில–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். கிரயப் பத்திரங்களையும் பழைய நீதிமன்ற ஆவணங்களையும் தமிழாக்குவது என் தொழில். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களையும் பொருள்களையும் இடம் போதவில்லை என்று நீக்கிவிடும் பழக்கத்தை நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உங்கள் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வாசகத்தைப் பாருங்கள். அதை வைத்திருப்பவரை 'லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' இன்றிச் செல்ல அனுமதிக்குமாறு அது கேட்கிறது. அங்குள்ள 'லெட்' பள்ளியில் நாம் படித்த 'விடு' அன்று. அதற்கு நேர் எதிரான 'தடை'. பழைய ஆங்கிலத்தில் தடுப்பதற்கு ஒரு வினையும் விடுவதற்கு வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒரே சொல் 'விடு' என்றும் 'தடு' என்றும் பொருள்பட்டால் பேச்சு எப்படி நடக்கும்? தடுத்தல் பின்வாங்கி, சட்ட வாசகங்களிலும் டென்னிஸ் களத்திலும் ஒதுங்கிக்கொண்டது.

முற்றிலும் மறைந்துபோன சொல்லைக் கண்டால் வாசகர் அகராதியைத் திறப்பார். உருவம் வாழ்ந்து பொருள் மட்டும் செத்த சொல்லைக் கண்டால் தெரிந்த சொல்தானே என்று கடந்துவிடுவார், அதுதான் ஆபத்து. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தில் 'ஐ ஷல் நாட் வான்ட்' என்று வருகிறது. 'எனக்கு வேண்டாம்' என்று அதைப் புரிந்துகொண்ட கல்லூரி மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அன்று குறைவுபடுதல் என்று பொருள். தமிழில் பெயர்த்தவர்கள் அதை உணர்ந்து 'நான் தாழ்ச்சியடையேன்' என்று எழுதினார்கள். அதே நூலில் சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சொல்லுமிடத்தில் 'சஃபர்' என்ற வினை நிற்கிறது. துன்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அனுமதியுங்கள் என்பதே பொருள். ரோமியோவைப் பற்றி ஜூலியட் கேட்கும் 'வேர்ஃபோர்' என்பதையும் 'எங்கே' என்றே பலர் படிக்கிறார்கள். அவள் கேட்பது 'ஏன்': பகைவர் குலத்து ரோமியோவாக நீ ஏன் இருக்கிறாய் என்று.

'தௌ' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் அதை மரியாதைச் சொல் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நம் 'நீ'. இன்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் 'யூ'தான் முன்பு 'நீங்கள்' போல மரியாதைப் பன்மையாகவும் வழங்கியது. 'தேவரீர்' என்று அழைத்துப் பழகிய நமக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆங்கிலேயருக்கு விளக்கத்தான் ஒரு பத்தி தேவைப்படும்.

சென்ற ஆண்டு என்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், பத்திரமொன்றின் நடுவே பெரிய எழுத்தில் இருந்த 'விட்னெசெத்' என்பதைச் சாட்சியின் பெயர் என்று கருதி, அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்தார். அவர் கையிலிருந்த அகராதியில் அந்த வடிவம் இல்லை. 'எத்' என்பது நம் 'கிறது' போன்ற பழைய வினைவிகுதி என்ற குறிப்பும் இல்லை. நம் பத்திர எழுத்தர்கள் அந்த இடத்தில் 'கிரயப் பத்திரம் என்னவென்றால்' என்று எழுதுவார்கள். பிழை அவருடையது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக்ஸ்போர்டு பேரகராதி வழக்கொழிந்த சொல்லின் முன் ஒரு சிறிய குறுவாள் குறியை (†) இட்டு, அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. முதல் பதிப்பில், அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' என்ற சொல், அதை எழுதி வைத்திருந்த சீட்டு தொலைந்ததால் விடுபட்டுப்போனது. 1933ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையில் அதைச் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய நூலை உங்களிடம் நான் கேட்கவில்லை. விவிலியத்திலும் ஷேக்ஸ்பியரிலும் சட்ட ஆவணங்களிலும் இன்றும் எதிர்ப்படும் பழைய சொற்களை மட்டுமாவது வைத்திருங்கள். பழம்பொருளைப் புதுப்பொருளோடு கலக்காமல் தனி எண்ணிட்டு, குறுவாள் குறியுடன் தாருங்கள். பழைய வினைவிகுதிகளுக்கு முன்னுரையில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். இடம் போதாவிட்டால் பின்னிணைப்பில் இருக்கும் கொடிப்படங்களை எடுத்துவிடலாம். அவற்றைத் தேடி அகராதியைத் திறந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஆவண மொழிபெயர்ப்பாளர் ஒருவர்