டார்வின் நகரம்: நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் சிறப்பாக நடந்தன. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தடையின்றி நடக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, நாம் வாழும் இந்த ஆஸ்திரேலிய வடகரையின் பழைய கடல் வணிகம் பற்றிய உரைத் தொடர். “தமிழ்ச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று வாட்ஸப் குழுவில் சிலர் கேட்டார்கள். இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் கப்பல் வரும்வரை இந்த மண்ணின் மக்கள் வெளியுலகமே அறியாமல் இருந்தார்கள் என்றுதான் நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். நம் பிள்ளைகளும் அப்படியே நினைத்து வளரக்கூடாது.

இன்றைய இந்தோனேசியாவில் உள்ள சுலாவேசித் தீவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து, டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, டார்வினுக்குக் கிழக்கே உள்ள ஆர்ன்ஹெம் லாந்துக்குப் பாய்மரக் கப்பல்கள் வந்தன. தேடி வந்தது, கடலடியில் வாழும், சீனர்கள் விரும்பி உண்ணும் கடல் அட்டை. கரையிலேயே வேகவைத்து, புகைபோட்டுக் காயவைத்து, தென்கிழக்குக் காற்று தொடங்கியதும் ஊர் திரும்புவார்கள். அங்கிருந்து சரக்கு சீனாவுக்குப் போகும். ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கடல் அட்டை வியாபாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கரையின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் உழைப்பும் ஆமை ஓடும் முத்தும் கொடுத்து, துணி, அரிசி, புகையிலை, இரும்புக் கோடரி, மரம் குடைந்த தோணி எல்லாம் வாங்கினார்கள். சண்டை சச்சரவும் இருந்தது. சிலர் அதே கப்பல்களில் மக்காசர் வரை போய் வந்தார்கள். 1803 பிப்ரவரியில் இந்தக் கடலில் ஆங்கிலேயக் கடலோடி மாத்யூ ஃபிளிண்டர்ஸ் சந்தித்த பொபாசூ என்ற கப்பல் தலைவர், மொத்தம் 60 கப்பல்களில் ஏறக்குறைய 1,000 பேர் வந்திருப்பதாகச் சொன்னார். அவர்கள் தங்கிய இடங்களில் இன்றும் புளியமரங்கள் நிற்கின்றன.

பின்னாளில் இப்பகுதியை ஆண்ட தென் ஆஸ்திரேலிய அரசு முதலில் இந்தக் கப்பல்களுக்குச் சுங்கவரி போட்டது. 1906இல் உரிமம் கொடுப்பதையே நிறுத்தியது. 1907இல் மக்காசர் கப்பல் தலைவர் உசிங் தாயெங் ரங்காவின் கப்பல் திரும்பியதோடு எல்லாம் முடிந்தது. தலைமுறைகளாக நடந்த உறவை நிறுத்தும்போது யோல்ங்கு மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆறவில்லை.

இவ்வளவு இருந்தும், முதல் உரைக்கு அரங்கில் பாதிதான் நிறைந்தது. கடைசி உரைக்கு நிர்வாகக் குழுவும் அவர்கள் வீட்டாரும்தான். தீபாவளிக்கு உட்கார இடமில்லாமல் நின்றவர்கள் அன்று எங்கே போனார்கள்? கட்டணம் வாங்காமல் பேச வந்தவர் முன்னால் எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கையிருப்பு கொஞ்சம் உண்டு. தணிக்கையாளர் பார்த்துவிட்டார், விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. உரைத் தொடருக்கு அதிகம் செலவானதாகப் பேச்சு. அரங்க வாடகை, தேநீர் தவிர வேறு செலவு இல்லை. உண்மையான பள்ளம் சந்தா பாக்கிதான். உறுப்பினரில் கணிசமானவர்கள் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை.

அரங்கு தந்தவர்களுக்கும், சமையல் பொறுப்பேற்ற சகோதரிகளுக்கும், துணைச் செயலாளருக்கும் நன்றி.

அடுத்த மழையில்லாக் காலத்தில், யோல்ங்கு உரிமையாளர்களின் அனுமதி பெற்று ஆர்ன்ஹெம் லாந்தில் உள்ள யிர்க்கலா பக்கம் பிள்ளைகளை அழைத்துப்போக ஆசை. மக்காசர் கப்பல்களையும் அட்டை வேகவைத்த இடங்களையும் யோல்ங்கு மக்கள் கற்களை அடுக்கியே தரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். 2013இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. விமானக் கட்டணம் அதிகம். பாக்கி வந்தால் பாதிச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்று குழு நினைக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சியே. பயண ஏற்பாட்டை மட்டும் நான் கவனித்துக்கொள்கிறேன். பொருளாளர் இன்று வாசலருகே ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார்.