பள்ளிக்கூட வாசல் மெயின் ரோடு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

காலை 8.35 முதல் 8.55 வரை பள்ளி வாசலில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை நம் பிள்ளைகளை இறக்கிவிட வந்தவை. ரோட்டில் வேகமாகப் போகிறவர்கள் மேல் கோபப்படும் முன் இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வரிசையாக நிற்கும் பைக்கும் ஆட்டோவும் சுவர் மாதிரி மறைத்துவிடுகின்றன. நாலாம் வகுப்புப் பிள்ளையின் தலை ஆட்டோவின் உயரத்தைத் தாண்டாது. அந்த இடுக்கிலிருந்து பிள்ளை ரோட்டில் கால் வைத்த பிறகுதான் எதிரே வருகிறவருக்கு ஆள் இருப்பதே தெரியும்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடும். ஓட்டுகிறவர் பார்த்து பிரேக் பிடிக்கவே ஒரு விநாடி போய்விடும். பிடித்த பிறகும் காய்ந்த தார் ரோட்டில் ஏறக்குறைய இன்னொரு 14 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். ஆக மொத்தம் 28 மீட்டர். அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். மழை ஈரத்தில் இரண்டுமே நீளும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு: மறைப்பை எடுப்பது, வேகத்தைக் குறைப்பது. முதலாவது நம் கையிலேயே இருக்கிறது.

வரும் திங்கள் முதல் வாசலுக்கு இருபுறமும் 50 மீட்டருக்குள் யாரும் வண்டி நிறுத்த வேண்டாம். வாசலிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பள்ளி இருக்கும் பக்கத்திலேயே பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். எதிர்ப்பக்கம் இறக்கினால் பிள்ளைதான் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இடப்பக்கமாகவே இறங்கட்டும். அங்கிருந்து எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் கூட்டமாக நடத்தி அழைத்து வருவோம். நடக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். மாலையில் 1 முதல் 5 வகுப்புகளை 4.00 மணிக்கும், 6 முதல் 8 வரை 4.10க்கும், மற்றவர்களை 4.20க்கும் விடுகிறோம். அண்ணன், அக்காவோடு போகும் சின்னப் பிள்ளைகள் அதுவரை உள்ளே வராண்டாவில் இருப்பார்கள்.

பஸ்ஸில் வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்பக்கமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம். பின்னால் வரும் பைக் நிற்கும் பஸ்ஸை வலப்புறமாக முந்தும்போது அந்தப் பிள்ளை அவர் கண்ணிலேயே படாது. பஸ் கிளம்பிப் போகும்வரை நடைபாதையிலேயே நிற்க வேண்டும். பிறகு வலம், இடம், மறுபடி வலம் பார்த்துவிட்டு நடந்து கடக்க வேண்டும், ஓடக் கூடாது. வீட்டிலும் இதையே சொல்லுங்கள். படிக்கட்டில் தொங்குவதற்கு ஒரு காரணம், எல்லோரும் கடைசி பஸ்ஸையே நம்பியிருப்பது. ஒரு பஸ் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள். பள்ளி வாசல் 8 மணிக்கே திறந்திருக்கும். நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நிற்பதால் பஸ் இருபது அடி தள்ளிப் போய் நிற்கிறது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். ஆட்டோ ஓட்டுநர்களும் பல பேர் நம் பள்ளிப் பெற்றோர்தான். தயவுசெய்து நிறுத்தத்தை விட்டுக்கொடுங்கள்.

சைக்கிளில் வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படுமளவு உயரம் இருக்கட்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கடையில் கொடுத்து இறுக்கிவிடுங்கள். புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; கேரியரில் கட்டி, பையின் வார் ஸ்போக்கில் சிக்காமல் உள்ளே செருக வேண்டும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். நிற்கும் கார்களை ஒட்டி ஓட்ட வேண்டாம், ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டட்டும். கார்க் கதவு எந்த நேரமும் திறக்கும்.

18 வயது ஆகாத பிள்ளையிடம் பைக் சாவி கொடுப்பதை இந்தப் பள்ளி ஏற்காது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு உங்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். இரண்டு பிள்ளைகளை ஒரே பைக்கில் ஏற்றிவருவதும் மூன்று பேர் பயணம்தான்.

இனி ரோட்டில் செய்ய வேண்டிய வேலைகள். நம்மில் பலர் கேட்பது ஸ்பீடு பிரேக்கர். ஒல்லியாக, கூராகப் போடும் மேடு பைக் ஓட்டுகிறவரைத் தூக்கி எறியும். ஓரத்தில் இடைவெளி விட்டால் எல்லா பைக்கும் அந்த ஓரத்துக்கே ஒதுங்கும், பிள்ளைகள் நடப்பதும் அங்கேதான். நாம் கேட்க வேண்டியது மேட்டுக் கடவை: 10 செ.மீ. உயரத்தில், மேல்பகுதி தட்டையாக, இருபுறமும் சரிவோடு, ஓரம் முதல் ஓரம் வரை போட்டு, அதன் மேலேயே வரிக்குதிரைக் கோடு. மழைத் தண்ணீர் வடிய ஓரத்தில் குழாய் வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடவை வாயிலேயே குளம் கட்டும். பஸ் நிறுத்தம் இந்தக் கடவையைத் தாண்டி ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். அப்போதுதான் கடக்கிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால், வருகிற வண்டிகளின் கண்ணில் படும்படி கடப்பார்கள்.

நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 செ.மீ.க்கு மிகாமல் வேண்டும் என்கிறது, சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் (IRC) வழிகாட்டி நெறிமுறை. அதைவிட உயரமாகக் கட்டினால் வயதானவர்கள் ஏறாமல் ரோட்டிலேயே நடப்பார்கள். பூக்காரம்மாவையும் பழவண்டிக்காரரையும் விரட்டச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, அதைக் கேட்போம். ரோடு புதிதாகப் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு உயர்ந்து நடைபாதை அமிழ்ந்துவிடும். கோடு போடுவதும் அந்த ரோடு வேலையின் செலவு மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பல ஊர்களில் புது ரோடு வந்ததும் பழைய கோடு காணாமல் போவது இதனால்தான்.

ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. நடைபாதையும் சாக்கடையும் நகராட்சியின் பொறுப்பு. பஸ் நிறுத்தத்துக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும். ஒரே மனுவை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். மூன்று மனுக்கள் தனித்தனியாக, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுப்போம். ஒப்புகை எண் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

மனுவோடு இணைக்கக் கணக்கு வேண்டும். மூன்று நாள், காலை 8.30 முதல் 9.00 வரை, ரோட்டைக் கடக்கும் பிள்ளைகளையும் போகும் வண்டிகளையும் கால் மணிக்கொரு முறை எண்ணி எழுத ஆறு பேர் தேவை. முன்வருகிறவர்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி நூலக அறைக்கு வாருங்கள். எண்ணும் தாளும் அட்டையும் பள்ளியில் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்