உடல் வரைபட வகுப்பு எடுக்கப்போகும் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

எட்டாம் வகுப்புப் பெண்கள் தங்கள் உடலை நினைத்துக் கூசாமல் இருக்கப் பழக்க வாரம் ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. ‘எல்லோரும் அழகே’ என்று சார்ட் ஒட்டித் தொடங்க நினைக்கிறீர்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வாசகமும் அழகைத்தான் அளக்கிறது. “கறுத்துட்டியே”, “ஊதிட்டியே” என்று கல்யாண வீட்டில் கேட்டுவிட்டு வந்த பிள்ளை அதை நம்பவும் மாட்டாள்.

உடல் வரைபடம் செய்யுங்கள், அதாவது தாளில் உடலின் உருவத்தை வரைந்து அதில் எழுதும் பயிற்சி. ஆனால் பிரவுன் ஷீட்டில் படுக்கவைத்து இன்னொருத்தி சுற்றி வரையும் வழக்கமான முறை வேண்டாம். பென்சில் இடுப்பருகே வந்ததுமே அவள் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வாள். வரைந்ததைச் சுவரில் மாட்டினால் யார் அகலம், யார் ஒல்லி என்ற கணக்குதான் நடக்கும். நீங்களே ஒரு எளிய உருவம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் அது நேற்றிலிருந்து செய்த ஒரு வேலையை எழுதட்டும். கை: தங்கைக்குப் பின்னல் போட்டது. பல்: மாங்காய்க்குக் கூசியது. ‘ஓடியது, தூக்கியது’ மட்டுமே வந்தால், கால் ஊனமுள்ள பிள்ளை ஒதுங்கிப்போவாள். அதனால் தூங்கியது, சிரித்தது, மணம் பிடித்தது எல்லாவற்றையும் முதலிலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள். வயிற்றுப் பக்கம் காலியாகவே இருந்தால் வற்புறுத்த வேண்டாம், மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று வாரமும் 15 நிமிடம் எழுத்து: என் உடல் எனக்கு என்னென்ன செய்கிறது, அது ஏன் எனக்கு முக்கியம்? நெதர்லாந்தில் ஜெசிகா அலேவா குழு 2015இல் வெளியிட்ட ஆய்வின் பயிற்சி இது. அதில் பங்கேற்றவர்கள் வயதுவந்த பெண்கள். எட்டாம் வகுப்புக்குக் கேள்விகளைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நாடகம். சிவப்பழகு கிரீமுக்குக் காசு சேர்க்கும் பெண்ணாக நீங்கள் நடியுங்கள். பிள்ளைகள் உங்களைத் தடுக்கட்டும். தன் வாயால் எதிர்த்துப் பேசியதைத் தானே நம்பத் தொடங்குவது மனித இயல்பு. பயிற்சியின் பலம் அதில்தான் இருக்கிறது. எனவே கடைசியில் நீங்கள் தோற்க வேண்டும். பாதியில் நாடகத்தை நிறுத்தி அறிவுரை சொன்னால் போச்சு. உடல் இளைப்பதை நாடகத்துக்கு எடுக்காதீர்கள். பட்டினி கிடக்கும் தந்திரங்களை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி கற்றுக்கொள்வாள். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறிய பின் விளம்பரத்தில் என்ன மாறியது என்று அவர்களையே பார்த்துவரச் சொல்லலாம்.

இடுப்புச் சுற்றளவைக் கயிற்றால் ஊகிக்கும் பயிற்சி, கண்ணாடி முன் நிற்கும் பயிற்சி இரண்டும் வகுப்பறைக்கு ஆகாது. அவை உளவியலாளர் தனியே வைத்துச் செய்ய வேண்டியவை. ஹெல்த் கேம்ப் வந்தால் எடையைச் சத்தமாகப் படிக்காமல் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சி என்று ஒருமுறை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

டிபன் பாக்ஸை அப்படியே திருப்பி எடுத்துப்போகிறாள், சாப்பிட்டதும் பாத்ரூம் ஓடுகிறாள், மயங்கி விழுகிறாள், வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் தொலைபேசி சேவையான டெலிமானஸ் 14416, வீட்டில் கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

எழுதிய தாள்களில் பிழை திருத்தாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் விட்டுவைக்காமல் அன்றைக்கே அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.