சங்கரனுக்கு: செல்வியின் ஜியாலஜிப் படிப்பு பற்றி

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி தேவலை என்றதில் சந்தோஷம். செல்வி ஜியாலஜி படித்துப் பேராசிரியராக வேண்டும் என்கிறாளே, பிழைப்பு உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் புவி அறிவியல் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிவிட்டால் பிஎச்.டி.க்கு உதவித்தொகை வரும். யு.பி.எஸ்.சி.யின் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வையும் எழுதி வைக்கட்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போக அதுதான் வழி.

என் கவலை பரீட்சை பற்றியதல்ல. ஒரு பிஎச்.டி. கெட்டுப்போவது பெரும்பாலும் கல்லை உடைக்கும் இடத்திலேயே. பாறை அடுக்கின் திசையையும் சாய்வையும் அந்தப் பாறையிலேயே மார்க்கரால் குறித்த பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும். உடைந்த துண்டு எப்படிக் கிடந்தது என்பதைப் பின்னால் யாராலும் சொல்ல முடியாது. திசை பார்க்கும்போது சுத்தியல் பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் விலகும். வெயிலிலும் மழையிலும் சிதைந்த வெளித்தோலைத் தட்டி எறிந்துவிட்டு உள்ளே பசுமை கலந்த, எண்ணெய்ப் பளபளப்புள்ள சார்னோக்கைட் என்ற பாறையை எடுக்கணும். தோல் கலந்தால் வேதிப் பகுப்பாய்வு பொய் சொல்லும். மாதிரியின் நம்பரைக் கல்லிலும் பையிலும் நோட்டிலும் எழுதணும். டங்ஸ்டன் கார்பைடு மில்லில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் மாதிரியில் ஏறிவிடும். அவற்றை அளக்க வேண்டியிருந்தால் அகேட் என்ற கடினமான கல்லால் ஆன உரலில்தான் அரைக்கணும்.

தின் செக்‌ஷனில்தான் பொறுமை தெரியும். மைக்ரோஸ்கோப்பில் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்த்த பாறைச் சீவல் அது. சில்லின் ஒரு முகத்தைக் கார்போரண்டம் தூளில் தேய்த்து, குமிழி இல்லாமல் எபாக்ஸியால் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்துக்கொண்டே போக வேண்டும். குறுக்கு போலராய்டில், அதாவது ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்துப் பார்க்கையில், குவார்ட்ஸ் கனிமம் சாம்பலாகவோ வெளுப்பாகவோ தெரியணும். மஞ்சள் அடித்தால் இன்னும் தடிமன். அப்படியே விட்டால் மற்ற கனிமங்களின் நிறமும் தப்பாகத் தெரியும். தடிமன் சரியாக வந்துவிட்டால் சார்னோக்கைட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மாறுவது போலராய்டு ஒன்றிலேயே தெரியும். பார்க்கவே அழகு!

இதையெல்லாம் பழக நம்ம திருநெல்வேலிச் சீமையை விட நல்ல இடம் கிடையாது. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடட்டும். கால்சைட் கனிமம் உடனே பொங்கும், டோலமைட்டைத் தூளாக்கினால்தான் பொங்கும். குவாரிக்குள் அனுமதியில்லாமல் போக வேண்டாம். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டின் மணலைக் கழுவி லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதும், இடையிடையே கறுப்பு இல்மனைட் கனிமமும் தெரியும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பார்சலில் வருகிறது. வெயிலுக்கு முன், தை, மாசியிலேயே கிளம்பச் சொல்.

அன்புடன்,
முருகேசன்