டீச்சரம்மாவின் அணைக்கணக்கு

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலூர் வட்டத்தில் பெரியாறு கால்வாயின் கடைமடையை ஒட்டியது எங்கள் ஊர். இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த டீச்சரம்மா சென்ற மாதம் காலமானார். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் 'ஓய்வு பெற்ற ஆசிரியை' என்று போட்டிருந்தார்கள். இன்னாரின் துணைவியார், இன்னின்னாரின் தாயார் என்றும் இருந்தது. எல்லாம் உண்மை. விவசாயி என்ற சொல்தான் இல்லை. நான்கு ஏக்கர் நஞ்சையை நாற்றங்காலிலிருந்து களத்துமேடு வரைக்கும் நடத்தியவர் அவர். அதை விட்டுவிட்டால் அவருடைய வகுப்பில் என்ன நடந்தது என்பதும் யாருக்கும் விளங்காது.

நாளிதழில் வரும் அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தியைத்தான் காலையில் முதலில் பார்ப்பார். பெரியாறு, வைகை ஆகிய இரண்டு அணைகளுக்கும் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என நான்கையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டுத்தான் மற்ற பக்கங்களைப் புரட்டுவார்.

காரணம் இருக்கிறது. எங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் இந்த இரண்டு அணைகளிலிருந்துதான். கால்வாய் தொடங்கும் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அவர்களுக்கு ஜூனிலேயே தண்ணீர் திறக்க வாய்ப்புண்டு. கள்ளந்திரிக்குக் கீழே எங்கள் மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். செப்டம்பரை ஒட்டித் திறந்தால் உண்டு, அணையில் இருப்பு இல்லையென்றால் அதுவும் தள்ளிப்போகும். திறந்தாலும் கண்மாய் நிரம்பிக் கடைசி மடைக்கு வர நாளாகும். ஆகவே நாற்றுப் பாவ நாள் குறிப்பதில்தான் இங்கே பாதி விவசாயம் இருக்கிறது. முந்திப் பாவினால் தண்ணீருக்குக் காத்திருந்தே நாற்று முற்றிவிடும். குறுகிய கால ரகத்தை 18 முதல் 22 நாளுக்குள் பிடுங்கி நட வேண்டும். முப்பது நாளைத் தாண்டிய நாற்று கணு விட்டுவிடும். நட்ட பிறகு பக்கத் தண்டு விட்டுத் தூர் கட்டாது, குட்டைக் கதிராக முந்தி வெளியே வந்து நிற்கும். பிந்திப் பாவினாலோ பால் பிடிக்கும் நேரத்தில் முறை வைத்து விடும் தண்ணீர் நின்று, மணி பதராகும்.

டீச்சரம்மா கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு தவணையாகப் பாவுவார், பத்து நாள் இடைவெளியில். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால். ஒரு தவணை வீணானால் போவது விதைச் செலவு மட்டும்தான், போகம் தப்பிக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு அப்படியே ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைக்கு வந்துவிடும். விநாடிக்கு 1,130 கனஅடி திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 9,76,32,000 கனஅடி, அதாவது ஏறக்குறைய 97.6 மில்லியன் கனஅடி. இருப்பு 5,000 மில்லியன் கனஅடி என்றால் எத்தனை நாள் தாங்கும்? 51 நாள். பிள்ளைகள் விடையைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: மதுரைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? அதைக் கழி. மேலே மழை பெய்து வருவதைக் கூட்டு. முதலில் முழுத் தண்ணீர், பிறகு முறை வைத்து விட்டால் எத்தனை நாள் நீளும்? பெருக்கலும் வகுத்தலும் எதற்கு என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் அதே கேள்வியோடுதான் கண்மாய்க் கரையில் நின்றார்கள்.

தசமத்தில் எல்லாப் பிள்ளைகளும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. 58.30 அடி என்று பத்திரிகையில் இருந்தால் 58 அடி 3 அங்குலம் என்று படிப்பார்கள். அடிக்கு 12 அங்குலம், 0.30ஐ 12ஆல் பெருக்கு, 3.6 அங்குலம் என்று அடிஸ்கேலை வைத்துக் காட்டுவார்.

இன்னொன்றையும் கண்ணால் பார்க்க வைத்தார். நீர்மட்டம் ஒரு அடி கூடியது என்றால் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் கூடியதாக அர்த்தமில்லை. அடி குறுகி வாய் அகன்ற கும்பா ஒன்றை மேசையில் வைப்பார். உள்பக்கம் விரற்கடைக்கு ஒரு கோடு கிழித்திருக்கும். கீழ்க்கோட்டை எட்ட அரை டம்ளர் போதும். மேலே போகப் போக, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஏற இரண்டு டம்ளர் கேட்கும். அணையும் அப்படித்தான், மேலே போகப் போக விரிகிறது. வைகையில் 30 அடி 31 ஆவதும் 65 அடி 66 ஆவதும் ஒன்றல்ல. மட்டத்தை மட்டும் பார்த்து நாற்றுப் பாவுகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இருப்பைப் பார்க்க வேண்டும்.

விதை விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. விதைநெல்லை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் கிடக்க விடமாட்டார். சிமெண்டுக் களம் என்றால் முளைப்புத்திறன் கெட்டே போகும் என்பார். காய்ந்ததா என்று பார்க்கப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று முறிந்தால் நெல் சேமிக்கும் குலுக்கைக்குப் போகும், நசுங்கினால் மறுநாளும் காயும். பாவுவதற்கு முன் 100 மணியை எண்ணி ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி வகுப்பு மூலையில் நிறுத்துவார். சாக்கு காயாமல் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் முறை வேலை. ஏழாம் நாள் பிரித்து, வேரும் முளையும் இரண்டும் ஒழுங்காக விட்டதை மட்டும் எண்ண வேண்டும். வேர் மட்டும் விட்டது கணக்கில் சேராது. 84 முளைத்திருந்தால் 84 சதவீதம். சதவீதத்துக்கு அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை. 80க்குக் கீழே இறங்கினால் அது அரிசிக்குப் போகும். அறுத்த கையோடு சோதித்தால் சில ரகம் உறக்கத்தில் இருக்கும், முளைக்காததைப் பார்த்து நல்ல விதையைக் கழித்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வார். உப்புத் தண்ணீரில் சாவி நெல்லை (பதரை) மிதக்கவிட்டு எடுத்தபின் விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் விட்டு முளைப்பைக் கெடுத்தவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களிடமும் பொறுமையாகத்தான் பேசினார்.

நடவுக்கு வரும் பெண்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "ஆழமா ஊனாதீகத்தா, ஒரு விரக்கணு முங்குனாப் போதும்." ஆழ ஊன்றிய நாற்று தேறி எழ நாளாகும், தூரும் குறையும்.

மூன்று பிள்ளைகளை வளர்த்தார், மாமியாரைக் கடைசி வரை பார்த்தார், விடியுமுன் மாட்டுக்கொட்டிலைக் கூட்டிப் பால் கறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தார். இதையெல்லாம் எழுதத் தேவையில்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

ஆனால் பட்டாவைப் பற்றி எழுதத்தான் வேண்டும். நிலம் கணவர் பெயரில் இருந்தது. பயிர்க்கடன் மனுவை டீச்சரம்மா எழுதுவார், கையெழுத்து கணவருடையது. பயிர் பாதித்த ஆண்டுகளில் எத்தனை ஏக்கர், எந்த ரகம், நட்ட தேதி என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னவர் அவர், நிவாரணப் பட்டியலில் ஏறியது கணவர் பெயர். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்று வாங்கி, கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் ஏறியபோது அவரால் வரப்பில் நடக்க முடியவில்லை. அரசுக் கணக்கில் அவர் விவசாயியாக இருந்தது அந்தக் கடைசிச் சில ஆண்டுகள் மட்டும்தான். மனைவி நடத்துகிற நிலத்தில் அவர் பெயரையும் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள் என்று எங்கள் ஊர் ஆண்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அஞ்சலி விளம்பரம் வாங்கும் இடத்தில், இறந்தவர் பெண் என்றால் அவர் என்ன வேலை செய்தார் என்று ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள். சம்பள வேலையோடு வயல் வேலையும் உண்டா என்று கேட்டால் வீட்டார் சொல்லிவிடுவார்கள், யாரும் மறைப்பதில்லை, தோன்றுவதில்லை.

இரண்டாவது, அந்த அணைப் பெட்டி. இப்போது சில நாட்களில் நீர்மட்டம் மட்டும் வருகிறது, விளம்பரம் அதிகமான நாட்களில் பெட்டியே இல்லை. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரையாவது நான்கு எண்ணையும் தவறாமல் போடுங்கள். டீச்சரம்மாவின் நோட்டுகள் பள்ளிக்கு வந்துவிட்டன. அவர் விட்ட தேதியிலிருந்து இப்போதைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிவருகிறார்கள். சென்ற வாரத்தில் இரண்டு நாள் கட்டம் காலியாகக் கிடக்கிறது.

இப்படிக்கு,
டீச்சரம்மாவிடம் படித்தவர்கள்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.