தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் கார்டா ஏரியில் நடந்த மோத் பாய்மரப் படகுப் போட்டியிலிருந்து திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. வலது தோளில் வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுதும் கையும் அதுவே என்பதால் இந்த மடல் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் ஒருவர் செய்த உதவி மற்றவருக்குத் தெரியாமலே போய்விடும். உங்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதிப் பேரைத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இட்லிக் கடை போட்டு, அந்தப் பணத்தை ஒரு உறையில் வைத்து என் கையில் கொடுத்தீர்கள். என்ன படகு, எந்தப் போட்டி என்று கேட்கக்கூட இல்லை. "நீ போய்ட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மோத் என்பது ஒற்றை ஆள் பாய்மரப் படகு. நீளம் 3.355 மீட்டர். இரு பக்கமும் சிறகு போல விரிந்திருக்கும் இருக்கைச் சட்டங்களையும் சேர்த்தால் அகலம் 2.25 மீட்டர். படகின் நடுவில் ஒன்றும் சுக்கானின் அடியில் ஒன்றுமாக, விமான இறக்கை போன்ற இரண்டு ஃபாயில்கள் நீருக்குள் இருக்கும். வேகம் கூடியதும் அவை படகை அப்படியே தூக்கிவிடும். அதன் பிறகு படகின் உடல் தண்ணீரைத் தொடாது, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் பறக்கும். முன்நுனியிலிருந்து ஒரு மெல்லிய கோல் நீரை உரசிக்கொண்டே வரும். படகு தாழ்ந்தால் அந்தக் கோல் பின்னால் தள்ளப்பட்டு, ஃபாயிலின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பைக் கீழே இறக்கித் தூக்குவிசையைக் கூட்டும். படகு உயர்ந்தால் மடிப்பு மேலே போய் விசை குறையும். மின்சாரமும் கிடையாது, கணினியும் கிடையாது. ஒரு கோலும் சில கம்பிகளும் இவ்வளவையும் செய்கின்றன. 1928இல் ஆஸ்திரேலியாவின் இன்வர்லாக் என்ற ஊரில் லென் மோரிஸ் என்பவர் தனக்கென்று செய்துகொண்ட சிறு படகிலிருந்து வளர்ந்த வகுப்பு இது. பெர்த் நகரத்து இலெட் சகோதரர்கள் இதில் ஃபாயில் பொருத்திப் பார்த்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

அந்த ஃபாயில்களால் கரையில் ஒரு தொல்லை உண்டு. அடியில் ஒரு மீட்டருக்கு மேல் தொங்குவதால், மற்றப் படகுகளைப் போல இதை நிமிர்த்தி வைத்துத் தண்ணீருக்குள் தள்ள முடியாது. பாய்மரம், பாய் எல்லாம் பூட்டி, பக்கவாட்டில் சாய்த்து, தோளில் தூக்கி, மார்பளவு ஆழம் வரை நடந்து போய்த்தான் இறக்க வேண்டும். எடை அதிகமில்லை, முப்பது கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் எட்டுச் சதுர மீட்டர் பாயில் காற்று அடிக்கும்போது அந்த முப்பது கிலோ ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும். நான் 58 கிலோ. பலத்த காற்றில் என்னால் தனியாகப் படகை இறக்க முடியாது. பயிற்சியால் தீர்கிற குறை அல்ல அது.

போட்டி நடந்த ஏரிக்கரை ஊரான மால்செசினேயில் ஒரு நாள்கூட நான் தனியாக இறக்கவில்லை. பிராலியா வேலா மால்செசினே என்ற பாய்மரப் படகுச் சங்கத்தின் தொண்டர்களே, காலை ஐந்தரை மணிக்கு இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைத் தாங்கிப் பிடித்து, ஒரு படகை அனுப்பிவிட்டு அடுத்த படகுக்குத் திரும்பினீர்கள். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தோள் கொடுப்பது என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன். அதை நேரில் பார்த்தது அங்கேதான்.

அந்த அதிகாலைக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் போட்டியின் மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல முடியாது. கார்டாவில் நாளுக்கு இரண்டு காற்று. இரவில் குளிர்ந்த மலைக்காற்று வடக்கிலிருந்து இறங்கி, விடியலுக்கு முன்பே ஏரியின் மேல் பாய்கிறது. அதற்குப் பெலேர் என்று பெயர். முற்பகலில் அது ஓய்ந்து சற்று நேரம் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். வெயில் ஏறி வடக்குப் பள்ளத்தாக்கு சூடானதும் தெற்கிலிருந்து ஓரா கிளம்பும், அது மாலை வரை நிற்கும். நம் கடற்கரையில் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பது போலவே அங்கேயும் படகோட்டிகள் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். "நாளைக்குப் பெலேர் பலமாக வரும்" என்று இரண்டாம் நாள் மாலையே படகுத் திடலில் பேச்சு இருந்தது.

அந்தக் காற்றில் என் பெரிய பாயோடு நான் இறங்கியிருக்கவே முடியாது. என்னோடு சௌத்தாம்ப்டனை ஒட்டிய சோலண்ட் கடற்பகுதியில் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி செய்யும் நண்பரே, உங்களுக்கு இந்த மடலில் தனி இடம் உண்டு. போட்டிக்கு முன் படகையும் பாயையும் அளந்து சரிபார்க்கும் அளவீட்டுக்கு முன்பே, நான் கேட்காமலேயே, உங்களுடைய சிறிய பாயையும் வேகக் காற்றுக்கான சிறிய ஃபாயிலையும் என் படகின் மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்களும் அதே போட்டியில் ஓடுகிறவர். "எனக்கு எடை இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன். உனக்குத்தான் இது வேண்டும்" என்றீர்கள். மூன்றாம் நாள் காலை பெரிய பாயோடு நீங்கள் பட்ட பாட்டைக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் இதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்று காலை 22 நாட் காற்று, வீச்சுகள் 28 நாட் வரை, அதாவது மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காற்றை எதிர்த்து ஏறும்போது நன்றாகவே போனது. படகைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, சிறகின் விளிம்பில் உடலை வெளியே தள்ளி உட்கார்ந்தால், படகு கம்பியில் ஓடுவது போல ஓடும். பலத்த காற்றில் ஆபத்தான இடம் மேல் மிதவை, அதாவது காற்று வரும் பக்கத்தில் போட்டித் தடத்தின் முனையில் இருக்கும் மிதவை. அங்கே படகைத் திருப்பிக் காற்றை முதுகில் வாங்க வேண்டும். திரும்பும் அந்தச் சில நொடிகளில் பாயின் முழு விசையும் வேகமாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் ஃபாயிலின் தூக்குவிசை நான்கு மடங்காகிறது. படகு எம்பி ஃபாயில் நீர்ப்பரப்பைக் கிழித்தால், காற்று உள்ளே புகுந்து தூக்குவிசை ஒரே அடியாக அறுந்துவிடும்.

எனக்கு அதுதான் நடந்தது. முன்நுனி நீரில் குத்தியது. நான் முன்னால் எறியப்பட்டுப் பாய்மரத்தின் பக்கக் கம்பியில் தோள் மோதி விழுந்தேன். தலைக்கவசமும் நெஞ்சுக் கவசமும் தம் வேலையைச் செய்தன. தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கவிழ்ந்த மோத்தின் சிறகு ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும், அதுவே ஒரு பாய். நீந்திப் பிடிக்கலாம் என்று இரண்டு முறை கை வீசினேன். வலது கை வரவில்லை. அலைக்கு நடுவே நான் இருப்பது யாருக்காவது தெரியுமா என்று அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.

எனக்குப் பின்னால் மிதவையைச் சுற்றி வந்த வீரர் பார்த்துவிட்டார். அந்தப் பந்தயத்தில் அவர் முன்வரிசையில் இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். தன் படகை எனக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்தார். ஓடுகிற மோத்தை அந்தக் காற்றில் நிறுத்த வேறு வழி இல்லை. ஒரு கையால் தன் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கவசத்தின் பட்டையைப் பற்றிக்கொண்டு, வாயில் விசிலை வைத்து ஊதினார். மீட்புப் படகு வரும் வரை பட்டையை விடவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. "என்னைப் பார், படகைப் பார்க்காதே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பாய்மரப் போட்டி விதிநூலின் 1.1ஆம் விதி, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற எல்லா உதவியையும் செய்ய வேண்டும் என்கிறது. வழிவிடும் விதிகள், மிதவை விதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அன்று மாலை நடுவர் குழு அவர் இழந்த புள்ளிகளை ஈடுசெய்தது. புள்ளி திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து யாரும் 28 நாட் காற்றில் படகைக் கவிழ்ப்பதில்லை. ஐயா, உங்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி உங்களுக்குத் தெரியாது. இந்தப் பகுதியை மட்டும் யாரையாவது கொண்டு மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்புவேன். என் மகள் உங்களுக்காக ஒரு படம் வரைந்திருக்கிறாள், அதுவும் சேர்ந்து வரும்.

மீட்புப் படகில் வந்தது நரைத்த ஒரு பெரியவரும் இருபது வயது இருக்கக்கூடிய ஒரு பெண்ணும். அவசரப்பட்டு எங்கள் மேல் வந்து ஏறாமல், காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, முதலில் "தூத்தோ பேனே?" (எல்லாம் சரியா?) என்று கேட்டீர்கள். முதலில் ஆள், பிறகு படகு. என்னை ஏற்றிப் போர்வை போர்த்திய பிறகும் படகை நோக்கி ஓடவில்லை, உதவிய வீரர் தன் படகை நிமிர்த்தி ஏறும் வரை காத்திருந்தீர்கள். பல இடங்களில் பல மீட்புப் படகுகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பொறுமையாக வேலை செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

கரைக்கு வந்த படகில் கோல் முறிந்திருந்தது, இடது சிறகு சேரும் இடத்தில் கார்பன் பிளந்திருந்தது. படகுத் திடலில் பழுது பார்க்கும் கூடாரத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் அன்று இரவு அதை எடுத்துக்கொண்டார்கள். பிளவைத் தேய்த்து, துடைத்து, கார்பன் துணியை எப்பாக்ஸிப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினார்கள். ஏரிக்காற்றில் இரவு குளிர்ந்ததால் எப்பாக்ஸி இறுகவில்லை. நான் தங்கியிருந்த வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டு, தலை உலர்த்தும் கருவியோடு இரவு பத்து மணிக்கு வந்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தன் கையாலேயே சூடு காட்டினார். அவருக்குப் படகு ஓட்டத் தெரியாது. பூச்சு கெட்டியானதும் விரலால் தட்டிப் பார்த்து, இனி போதும் என்று தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை எனக்குப் போக வேண்டும் என்ற வெறி இருந்தது. படகு தயார், கோல் புதிது, தோளில் கட்டு. மருத்துவக் கூடாரத்தில் இருந்த மருத்துவர் என் கையைத் தூக்கச் சொன்னார். தோளுக்கு மேல் போகவில்லை. "இன்று வேண்டாம். நாளை பார்க்கலாம்" என்றார். வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவில்லை, திரும்பவும் கையைத் தூக்கச் சொன்னார், அவ்வளவுதான். அன்று பெலேர் முந்தின நாளைவிடக் கடுமையாக வந்தது. டாக்டர், அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு நன்றி. கரையில் உட்கார்ந்து பார்த்த அந்த நாளில்தான், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை எவ்வளவு என்று கண்டேன். மிக ஆழமான இடங்களில் 346 மீட்டர் வரை இறங்கும் ஏரி இது. அதில் மிதவையை நங்கூரமிட்டு, காற்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கயிறு முழுவதையும் இழுத்து வேறிடத்தில் போடுகிறார்கள். நான் சுற்றி வந்த ஒவ்வொரு மிதவைக்கும் பின்னால் அந்தக் கைகள் இருந்திருக்கின்றன.

கடைசி நாள் பிற்பகல், ஓராவில் ஓடினேன். பதினெட்டு நாட், சீரான காற்று. மருத்துவர் கட்டை மாற்றிவிட்டு அனுமதித்தார், தொண்டர்கள் படகைத் தூக்கினார்கள். என்னைச் சட்டத்தைத் தொடக்கூட விடவில்லை. அன்றைய இரண்டு பந்தயங்களையும் முடித்தேன். இரண்டிலும் சேர்த்து மேல் மிதவையில் நான்கு முறையும் திரும்பினேன். முடிவுப் பட்டியலில் என் பெயர் பின்பாதியில்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு பந்தயங்களுக்கு நேராகவும் எண் இருக்கிறது, முடிக்கவில்லை என்ற குறி இல்லை. அது எனக்குப் பெரிது.

விடுமுறை தந்த அலுவலகத் தலைவருக்கும், படகு வண்டியின் டயர் வெடித்தபோது ஆல்ப்ஸ் சாலையோரம் நிறுத்தி உதவிய லாரி ஓட்டுநருக்கும், இரண்டு வாரம் வீட்டையும் மகளையும் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும் அம்மாவுக்கும் நன்றி.

தொண்டி மாமா, உங்களுக்குக் கடைசியில் எழுதுவது குறைவாக நினைத்து அல்ல. நம் மீனவர்களின் வத்தைப் படகில் பாய் விரித்து ஓடும் போட்டிக்கு என்னை ஏழு வயதில் கரைக்குக் கூட்டிப் போனீர்கள். காற்று ஏறியதும் ஆட்கள் பலகையின் மேல் வெளியே ஏறி நின்று படகைச் சமன்செய்ததை அன்றுதான் பார்த்தேன். "தாமான் கயிற்றைக் கட்டிப் போடாதே, கையிலேயே வைத்திரு. காற்றுக்கு நீதான் இடம் கொடுக்கணும்" என்று, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைப் பற்றி நீங்கள் யாரிடமோ கத்தியது என் காதில் இருக்கிறது. கடைசி நாள் மேல் மிதவையில் நான்கு முறையும் கயிற்றைத் தளர்த்தி, காற்றுக்கு இடம் கொடுத்துத்தான் திரும்பினேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது காணொளியைக் காட்டுகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

சோலண்ட் நண்பரே, உங்கள் சிறிய பாயின் கீழ் மூலையில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. பாய் தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். சனிக்கிழமை காலை, காற்று வருவதற்கு முன், கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் படகுத் தோழி
சௌத்தாம்ப்டன்