ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். என் கண்புரை இன்னும் முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நீ நேரத்துக்குத் தூங்கு.

ஞாயிறு காலையில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் உன் பக்கத்தைத் திறப்பது என் பழக்கம், உனக்கே தெரியும். கடைசியாகப் பார்த்தபோது உன் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டியது மொத்தம் 611 தடவை, எச்-இன்டெக்ஸ் 11. குறைந்தது 11 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 11 என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். அதை 2005இல் கொண்டுவந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். உயிரணு ஆய்வு செய்யும் உங்களை அளக்க ஓர் இயற்பியல்காரர்! நீ ஒன்றும் எழுதாவிட்டாலும் இந்த எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 2023க்குப் பிறகு புதிய கட்டுரை எதுவும் சேரவில்லை என்பது எனக்கு இவ்வளவு தாமதமாக உறைத்தது. குறை சொல்லவில்லை. ஆய்வகம் மாறினால் இடைவெளி விழும் என்கிறான் உன் அண்ணன். சரி.

ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லும் முறைக் கட்டுரை ஒன்று எழுதேன் என்று போன கடிதத்திலும் சொன்னேன். புரதத்தை அளக்க லௌரி என்பவர் 1951இல் எழுதிய அப்படியொரு கட்டுரையை மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நீ பதிலே போடவில்லை. தூக்கம் வருகிறதா?

உன் முதல் கட்டுரைக்கு மட்டும் 214. அந்த 214 பேரும் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று போன மாதம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதிக்கு மேல் பணம் கேட்டது, விட்டுவிட்டேன். மற்றவற்றில் பெரும்பாலும் முன்னுரையில் ஒரே வரி, உன்னோடு இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள். படித்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்னவோ. ஒன்றில் மட்டும் ஒரு பத்தி முழுக்க நீதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசையாகப் படித்தேன். அதே செல், அதே அளவு மருந்து, மூன்று முறை செய்தும் அந்த விளைவு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கில் அதுவும் ஒன்றுதான். அது வந்த வாரம் "ஒன்று கூடிவிட்டது" என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை.

பாப்பா, அந்த முதல் கட்டுரையின் மூன்றாவது படத்தில் காட்டிய முடிவைப் பற்றி அன்று இரவு போன் செய்தாயே. புது மாணவன் செய்து பார்த்தான், வரவில்லை, நானும் செய்தேன், வரவில்லை, வேறு செல் கலந்திருக்குமோ, இதழுக்கு எழுதட்டுமா என்றாய். "உன்னை யார் கேட்டார்கள்? வேலை நிரந்தரமாகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே" என்றேன். கூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வந்ததை நீ ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்த அன்றும் திட்டியது நான்தான்.

உன் நல்லதுக்குச் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முழு உண்மை அதுவல்ல. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் எழுதுவது உன் பெயருக்குப் பின்னால் நிற்கும் என் பெயரை. என் பெயர், 'மற்றும் பலர்', அப்புறம் ஆண்டு. 36 வருடம் கோப்புகளில் சுருக்கொப்பம் மட்டுமே போட்டவன் நான். அந்த 214ஐ இழக்க எனக்கு மனசு வரவில்லை.

பிரான்சிஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் வாங்கியவர். 2019இல் சயன்ஸ் இதழில் வந்த தன் கட்டுரையை, மறுபடி செய்தபோது முடிவு வரவில்லை என்று 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். ட்விட்டரில் தானே அறிவித்து மன்னிப்பும் கேட்டார். நோபல் வாங்கியவர் செய்யலாம், உனக்கு ஒப்பந்தம் அல்லவா முடியப்போகிறது என்று இதை எழுதும்போதே எனக்குள் ஒரு குரல். அதைக் கேட்காதே. இதழுக்கு முதலில் எழுதுவதா, பழைய வழிகாட்டியிடம் முதலில் பேசுவதா என்பது உனக்குத்தான் தெரியும். முறைக் கட்டுரையையும் விட்டுவிடு.

மூன்று வாரமாக அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஞாயிறு காலை சும்மாதான் இருக்கிறேன், போன் செய். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் கண்ணைப் பற்றிப் பேசினோம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா